பச்சை நூலால் தைத்த இருபது சாக்குகள்

நெல்வயல் ஒன்றைச் சைக்கிள் சீற்றில் இருந்தபடியே பரிசோதித்து, "வயல் முழுவதும் நடந்து பார்க்கப்பட்டது; கலப்பு நெல் காணப்படவில்லை" என்று எழுதிக் கையெழுத்தும் வைத்த ஒரே உத்தியோகத்தர் நான்தான் என்று சொல்ல எனக்கு ஆசை. அப்படிச் சொன்னால் ஒரு தனிப்பெருமையாவது மிஞ்சும். ஆனால் இந்த உத்தியோகத்தில் முப்பது வருஷம் இருந்துவிட்டேன். மற்றவர்களையும் எனக்குத் தெரியும்.

சின்ன வயதில் தெரியாமல் செய்த பிழை என்று தப்பவும் வழியில்லை. அப்போது எனக்கு நாற்பத்தைந்து வயது. தலையில் முடியை விட அனுபவம் கூட இருக்கிறது என்று நானே நம்பிக்கொண்டிருந்த காலம்.

நீங்கள் இப்போது விதைநெல் அத்தாட்சி வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். பயிர் பூக்கும்போது எத்தனை தரம் போக வேண்டும், எந்தப் படிவத்தில் எதை நிரப்ப வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குக் கந்தோரில் சொல்லித் தருவார்கள். நான் சொல்ல வந்தது படிவத்தில் இடம் விடாத ஒரு விஷயம்.

உருத்திரபுரத்தில் ஆறு கமக்காரர்களை விதைநெல் செய்கைக்குப் பதிந்திருந்தோம். ஆளுக்கு மூன்று ஏக்கர் காணி. புது இன நெல்லின் தூய விதை கொடுத்து, விளைய வைத்து, வேறு இனம் கலக்காமல் காத்து, சாக்கில் கட்டி, வாயில் கம்பி போட்டு ஈயமுத்திரை குத்தினால், அது சாதாரண நெல் அல்ல, விதைநெல். அதற்கு விலை கூட. அதே வயல், அதே தண்ணீர், அதே முதுகுவலி. ஒரு ஈயத்துண்டு தொங்கினால் மட்டும் மதிப்பு வேறு. அந்த ஈயத்துண்டுக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்று அப்போது என்னைக் கேட்டிருந்தால், அரசாங்கத்தின் மகிமை என்று சொல்லியிருப்பேன்.

என் மேலதிகாரிக்கு இந்த ஆறு பேரிலும் நம்பிக்கை இல்லை. அவர் என்னை விட எட்டு வயது இளையவர். அந்த அநியாயத்தை நான் மறக்க அவர் ஒருபோதும் விட்டதில்லை, ஏனென்றால் என்னைக் காணும்போதெல்லாம் "இருங்கோ, இருங்கோ" என்று தன் கதிரையைத் தருவார். "மூண்டு ஏக்கர்க்காரர் விதைநெல் செய்யமாட்டினம்" என்பது அவர் கட்சி. "அவைக்குச் சாப்பாட்டு நெல்லும் விதைநெல்லும் ஒரே களத்திலை. எல்லாம் கலக்கும். பெரிய காணிக்காரரிட்டைக் குடுப்பம். இந்த ஒரு போகம் பாப்பன். ஒரு வீட்டு நெல் பிழைச்சாலும் ஆறு பேரையும் பதிவாலை வெட்டுவன்."

ஆறு பேரில் முதலில் கதிர் வந்தது கந்தையர் வீட்டு வயலில். பதிவில் பெயர் கந்தையருக்கு. வயலில் கால் தங்கம்மாவுக்கு. கந்தையர் வண்டிலிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தவர். மருதமர நிழலில் இருந்து உலக விஷயம் பேசுவார். அவருடைய மனைவி தங்கம்மா அக்கா சேற்றுக்குள் நின்று அந்த உலகத்தை நடத்துவா.

பூக்கும் காலத்துப் பரிசோதனைக்கு நான் போன காலையில் இரண்டு விஷயங்கள் குறுக்கே நின்றன. ஒன்று, புதுச் சப்பாத்து. மற்றது, சைக்கிள் கரியரில் இருந்த ஒரு துப்பறியும் நாவல். கதாநாயகியை யாரோ கடத்திக்கொண்டு போய் ஒரு பாழடைந்த மாளிகையில் அடைத்திருந்தார்கள். அவளை அந்த நிலையில் விட்டுவிட்டு என்னால் சேற்றில் இறங்க முடியவில்லை.

வயலின் நடுவிலிருந்து தங்கம்மா அக்கா கூப்பிட்டா. "ஐயா, வரம்பாலை ஒருக்கா வடக்கு மூலைக்கு வாங்கோ. வாய்க்கால் கரையிலை கொஞ்சம் கறுப்புத் தெரியுது. பிடுங்கிறன், பிடுங்கிறன், பிறகும் நிக்குது."

கறுப்பு என்றால் மொட்டைக்கறுப்பன். அந்தக் காணியில் முன்பு விதைத்த பழைய நெல். போன போகம் உதிர்ந்த மணி தானாக முளைத்துப் புது இனத்தோடு தலை நீட்டும். அதைக் கண்டுபிடித்துக் களைவதற்குத்தான் அரசாங்கம் எனக்குச் சம்பளம் தந்தது.

ஒரு காலை வரம்பில் ஊன்றிக்கொண்டு, "இஞ்சையிருந்தே தெரியுது, அக்கா. வடிவான பயிர். நிக்கிறதைப் பிடுங்கிவிட்டால் சரி" என்றேன்.

"நீங்கள் பாத்தாச் சரிதான், ஐயா" என்றா அவா.

மருதமர நிழலில் படிவத்தை நிரப்பினேன். கந்தையர் எனக்கு வெற்றிலை தந்தார். "நடந்து பார்க்கப்பட்டது" என்று எழுதினேன். யார் நடந்தது என்று அந்த வசனம் சொல்லாது. அரசாங்க எழுத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த அடக்கம்தான்.

அறுவடை முடிந்து, சூடு மிதித்து, தூற்றி, காயவைத்து இருபது சாக்கு நெல் கந்தையர் வீட்டு மாலில், முற்றத்துக் கூரையின் கீழ், நின்றது. ஈயமும் குறடும் கொண்டு ஒரு பின்னேரம் போனேன். மாதிரி எடுக்கும் குழாயை முன்வரிசைச் சாக்குகளில் மட்டும் குத்தினேன். பின்வரிசை எட்டவில்லை. தங்கம்மா அக்கா, "கொஞ்சம் பொறுங்கோ ஐயா, ஒரு அலுவல் கிடக்கு. முதல் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்" என்று குசினிக்குள் போனா. அவா திரும்பி வருவதற்குள் இருபது சாக்குக்கும் ஈயம் குத்திவிட்டேன். நாவல் வேறு நாவல், அவசரம் அதே அவசரம்.

தேத்தண்ணியோடு வந்தவா சாக்குகளைப் பார்த்துத் திகைத்து நின்றா. "குத்திப்போட்டியளோ?"

"குத்தியாச்சு. இனி இந்த ஈயத்திலை ஒருத்தரும் கைவைக்கக்கூடாது. வைச்சால் மறியல், கம்பி எண்ணவேணும்."

"ஈயத்திலை கைவைக்கக்கூடாது" என்று அவா மெதுவாகத் திருப்பிச் சொன்னா. பாடமாக்குகிறா என்று நினைத்துப் பெருமைப்பட்டேன்.

அடுத்த நாள் காலை லொறி வந்தது. லொறியில் மேலதிகாரியும் வந்தார். முதல் நெல்லைத் தன் கண்ணால் பார்க்க வேண்டுமாம். வேலிக்கு வெளியே மற்ற ஐந்து கமக்காரர்களும் வந்து நின்றார்கள். தங்கள் தலைவிதியும் அந்த மாலுக்குள் நிற்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

மேலதிகாரி ஈயங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் குத்தியபடி இருந்தன. பிறகு குனிந்தார். நான் அந்த உத்தியோகத்தில் ஒருபோதும் குனிந்ததில்லை. சாக்குக்கு அடி என்று ஒன்று இருப்பதே எனக்கு அன்றுதான் நினைவுக்கு வந்தது. அடிமூலையில் சணல் தையல் பிரிக்கப்பட்டு, பச்சை நூலால் திரும்பத் தைத்திருந்தது. சட்டை தைக்கிற நூல். மிக நேர்த்தியான தையல். இருபது சாக்கிலும்.

"இது ஆர் செய்தது?"

எங்கள் தொழிலில் இதற்கு ஒரே அர்த்தம்தான். மேலே முத்திரை, கீழே ஓட்டை: நல்ல நெல்லை உருவிவிட்டுச் சாப்பாட்டு நெல்லைப் புகுத்துவது. வேலிக்கு வெளியே நின்ற ஐந்து பேரும் வேலியை நெருங்கி வந்தார்கள்.

தங்கம்மா அக்கா முன்னுக்கு வந்தா. "நான்தான் சேர். நெல்லை வீட்டாலை வெளியிலை விடேக்கை ஒரு பிடி எடுத்து வைக்காமல் விடுறேல்லை. எங்கடை வழக்கம். இல்லாட்டி வீட்டிலை இருக்கிறதும் அதோடை போயிடும். நான் வாறதுக்கிடையிலை ஐயா ஈயம் போட்டிட்டார். ஈயத்திலை கைவைக்கக்கூடாது எண்டவர். நான் வைக்கேல்லை."

கோபம் வராமல் கேட்டுக்கொண்டிருந்தார் மேலதிகாரி. எனக்கு அதுதான் பயம். "எடுத்தது மட்டுமோ? போட்டதும் உண்டோ?"

"ஏன் சேர் போடுறன்?"

அவர் நெல் கொட்ட ஒரு பன்பாய் கேட்டார். தான் தெரிந்தெடுத்த நாலு சாக்கைப் பிரித்துக் கொட்டச் சொன்னார். ஈயத்தைத் தன் கையாலேயே வெட்டினார். பாயைச் சுற்றி இருந்து சுளகு சுளகாகப் பார்த்தோம். மூன்றாவது சாக்கில், பொன்னிற நெல்லுக்கு நடுவே கறுப்பாக ஒரு மணி. பிறகு இன்னொன்று. சாக்கு முடியும்போது அவருடைய உள்ளங்கையில் ஐந்து மணிகள் இருந்தன.

"மொட்டைக்கறுப்பன்" என்றார். "இந்த வீட்டுச் சாப்பாட்டு நெல் என்ன?"

அதுவும் மொட்டைக்கறுப்பன்தான். வீட்டில் என்ன நெல் சோறாகிறது என்று ஊருக்கே தெரியும்.

கந்தையர் இருந்த இடத்திலிருந்தே குறுக்கிட்டார். "சேர், அது பழைய சாக்கு! முந்தி நிண்ட நெல்லு மடிப்புக்கை ஒட்டிக்கொண்டு கிடந்திருக்கும். இஞ்சாரப்பா, சாக்கை உதறினனியோ?"

நல்ல பொய். நான் அங்கே நின்று மனதுக்குள் அதற்குப் புள்ளி கூடப் போட்டேன். தங்கம்மா அக்கா அதை எடுத்துக்கொண்டிருந்தால் விஷயம் அரைகுறையாக முடிந்திருக்கும்.

"நீங்கள் சும்மா இருங்கோ" என்றா அவா. "சாக்கு உதறித் தோய்ச்சுக் காயவைச்சது. சேர், இது வயலிலை வந்தது. வடக்கு மூலை, வாய்க்கால் கரை. நாலு தரம் இறங்கிப் பிடுங்கினனான். ஒண்டிரண்டு தப்பியிருக்கும்."

மேலதிகாரி பைல் கட்டைத் திறந்து என் படிவத்தை எடுத்தார். "வடக்கு மூலையிலை கலப்பு எண்டு இதிலை இல்லையே. வயல் முழுக்க நடந்து பாத்தது, கலப்புக் காணேல்லை எண்டு கிடக்கு." என்னைப் பார்த்தார். "நீங்கள் நடந்து பாத்தனீங்கள்தானே?"

தம்பிமாரே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நான் அங்கே நின்றது அதிக நேரமில்லை; எச்சில் விழுங்குகிற நேரம்தான். ஆனால் கணக்கு மிகவும் சுலபமான கணக்கு. "ஓம்" என்றால் என் படிவம் சரி. படிவம் சரியென்றால் வயலில் கறுப்பு இல்லை. வயலில் இல்லாத கறுப்பு சாக்குக்குள் எப்படி வந்தது? பச்சை நூல் தைத்த ஓட்டையால். தங்கம்மா அக்கா கள்ளி. ஆறு குடும்பமும் வெட்டு. "இல்லை" என்றால் நான் பொய்க் கையெழுத்துக்காரன், பத்து வருஷத்தில் ஓய்வூதியம் எடுக்கக் காத்திருப்பவன்.

அவா என்னைப் பார்க்கவில்லை. கூப்பிட்டும் நான் வராததை அவா ஒருவருக்கும் சொல்லவில்லை. என்னைப் பார்த்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். காட்டிக்கொடுக்கப் பார்க்கிறா என்று கோபமாவது பட்டிருப்பேன். அவா பாயில் இருந்த நெல்லை விரலால் ஒதுக்கிக்கொண்டு இருந்தா. அந்த விரல்களில் வயல் வேலையின் வெடிப்பு இருந்தது. என் சப்பாத்து இன்னும் புதுசாக இருந்தது.

"நடக்கேல்லை, சேர்" என்றேன்.

"என்ன?"

"வயலுக்குள்ளை இறங்கேல்லை. வரம்பிலை சைக்கிளிலை நிண்டு பாத்திட்டு எழுதினனான். அக்கா வடக்கு மூலைக்கு வாங்கோ எண்டு கூப்பிட்டவா. கறுப்பு நிக்குது எண்டும் சொன்னவா. நான் போகேல்லை."

"ஏன்?"

இதற்குத்தான் நான் தயாராக இருக்கவில்லை. காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம். "ஒரு கதைப்புத்தகம் சேர்… முடியிற இடம்" என்றேன்.

வேலிக்கு வெளியே யாரோ சிரித்தார்கள். அந்த மனிதரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

மேலதிகாரி படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "அப்ப என்னட்டை இப்ப நம்பிறதுக்கு ஒரு கடுதாசியும் இல்லை" என்றார். அதைச் சொல்லிக்கொண்டு குனிந்து ஒரு சாக்கின் பச்சைத் தையலை விரலால் தடவினார். பிறகு திடீரென்று தங்கம்மா அக்காவிடம் திரும்பினார். "அம்மா, நீங்கள் எடுத்த பிடியெல்லாம் எங்கை?"

"பானையிலை."

"இருபது பிடியுமோ?"

"ஓம். சாக்குக்கு ஒரு பிடி. ஆனால் சேர், அது வீட்டாலை வெளியிலை போகேலாது."

"வெளியிலை கொண்டுபோகேல்லை. இஞ்சையே வைச்சுப் பாப்பம்."

வாயில் துணி வேடு கட்டிய மண்பானை வந்தது. சுளகில் கொட்டினார். அன்று ஒரு அதிகாரி நெல்லைப் பார்த்த விதத்தை நான் பிறகு பல வருஷம் பின்பற்ற முயன்றேன், எனக்கு வரவில்லை. கோழி கிளறுவது போல இரண்டு விரலால் கிளறி, ஒவ்வொரு மணியையும் ஒதுக்கினார். எனக்கு உள்ளுக்குள் ஒரே பிரார்த்தனை: கறுப்பு வரவேண்டும். நல்ல நெல்லைப் பரிசோதித்து வாழ்ந்த நான் வாழ்க்கையில் ஒரே ஒரு தரம் கெட்ட நெல்லுக்காகச் சாமி கும்பிட்டது அன்றுதான்.

ஒன்று வந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று.

அவர் அந்த இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எழுந்தார். "இது ஓட்டையாலை உள்ளுக்குப் போன கறுப்பில்லை. வெளியிலை வந்த கறுப்பு. உள்ளுக்குப் போட நினைக்கிற ஆள் அதைப் பானைக்குள்ளையும் போட்டு வைக்காது. வயலிலை வந்ததுதான். இந்த அளவு கலப்புக்கு எங்கடை விதியிலையே இடமிருக்கு." பிறகு என் பக்கம் திரும்பினார். "குழாய்த் துளை முன்வரிசைச் சாக்கிலை மட்டும்தான் கிடக்கு; நீங்கள் அதிலை மட்டும் மாதிரி எடுத்தனீங்கள். இவா இருபதிலையும் எடுத்திருக்கிறா. தெரியாமல், தெரிஞ்செடுக்காமல், ஒரே அளவாய். இதுதான் மாதிரி. நாங்கள் செய்யிறது குழாய் குத்து."

பானை நெல் ஒரு மணி குறையாமல் பானைக்குள் திரும்பியது. கறுப்பு இரண்டையும் அவர் எறியப் போனார். தங்கம்மா அக்கா கைநீட்டி வாங்கிக்கொண்டா. "அதுவும் எங்கடைதான், சேர்."

பச்சை நூலைப் பிரித்து, சணலால் தைத்து, புது ஈயம் குத்தி இருபது சாக்கும் லொறியில் ஏறியபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. குறடு பிடித்தது நான். ஒவ்வொரு சாக்குக்கும் குனிந்து அடியைப் பார்த்தேன். மற்ற ஐந்து பேரின் நெல்லும் அந்தக் கிழமைகளில் போய்ச் சேர்ந்தது. ஒருவரும் வெட்டப்படவில்லை.

என் விஷயமா? ஒரு கண்டனக் கடிதம் என் பைலில் ஏறியது. நியாயமான கடிதம், நடையும் நன்றாக இருந்தது. கடிதத்தைக் கையில் தந்த மேலதிகாரி வழக்கம்போலத் தன் கதிரையைத் தந்து, "நீங்கள் அண்டைக்கு 'ஓம்' எண்டு சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பன். உங்களை இல்லை, கையெழுத்தை" என்றார். அதற்கு மேல் அந்தக் கதையை அவர் எடுத்ததில்லை. தன் எண்ணம் பிழைத்தது என்று சொல்லவும் இல்லை. அடுத்த போகம் ஆறு பேரைப் பதினாலாக்கினார். சாக்குக்கு ஈயம் போடுமுன் கமக்காரர் ஒவ்வொன்றிலும் ஒரு பிடி எடுத்துத் தன் வீட்டில் வைக்க வேண்டும் என்று எங்கள் பகுதிக்கு ஒரு ஒழுங்கும் கொண்டுவந்தார். பின்னாளில் யாராவது நெல்லில் குறை சொன்னால் அந்தப் பானையைத் திறந்து பார்க்கலாம். அந்த ஒழுங்கை வகுத்தவன் நான் என்று கூட்டங்களில் சில தரம் தோன்றும்படி பேசியிருக்கிறேன். இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த வருஷம் முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து மீரான் நானா என்ற கமக்காரர் இரண்டு பஸ் மாறி உருத்திரபுரம் வந்தார். கையில் ஒரு நெற்கதிர். மடியில் எங்கள் சாக்கிலிருந்து அறுத்த, ஈயத்தோடு சேர்த்துக் கட்டி அனுப்புகிற இலக்கத் துண்டு. "இந்த நம்பர் வீடு எது தம்பி? விதைச்சன். ஒரு வயல் முழுக்க ஒரே உயரம். இந்த ஆளிட்டைத்தான் இனியும் எடுக்கோணும்" என்றார். அவருக்குத் தங்கம்மா அக்காவைத் தெரியாது. உருத்திரபுரத்தை முன்பு பார்த்ததும் இல்லை. வடக்கு மூலை என்று ஒன்று இருப்பதும் தெரியாது. ஒரு துண்டை நம்பித் தன் வருஷச் சோற்றை மண்ணுக்குள் போட்டிருந்தார்.

அன்றுதான் ஈயத்துண்டின் மரியாதை எனக்கு விளங்கியது. வாங்குகிறவன் நெல்லுக்கு மேலாகக் கொடுக்கிற அந்த விலை, தான் நடக்க முடியாத ஒரு வயலில் தனக்காக ஒருவர் நடந்தார் என்பதற்கு. தங்கம்மா அக்கா நாலு தரம் நடந்தா. அவாவின் நடையை நான் என் கையெழுத்தால் விற்றேன், அவ்வளவுதான். சின்னக் கமக்காரரிடம் பெரிய களமில்லை, கொட்டில் இல்லை. கடைசி மணிவரை கண் போகிற மூன்று ஏக்கர் இருக்கிறது. அதைத்தான் நாம் அத்தாட்சிப்படுத்துகிறோம். ஆகவே சப்பாத்தைக் கழற்றுங்கள். ஒருவர் வந்து பாருங்கோ என்று தன் பிழையைக் காட்டக் கூப்பிட்டால், அதைவிடப் பெரிய மரியாதை இந்த உத்தியோகத்தில் உங்களுக்குக் கிடைக்காது. போய்ப் பாருங்கள்.

எனக்கு உத்தியோகம் மிஞ்சியதும், இன்று ஓய்வூதியத்தில் இருந்து உங்களுக்கு உபதேசம் எழுதுவதும் இரண்டு பேரால். ஒருவர் என்னைக் காட்டிக்கொடுக்காமல் உண்மை சொன்னவர். மற்றவர் என் பொய்யை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மேலே யோசித்தவர். இருவருக்கும் நான் நேரில் நன்றி சொன்னது குறைவு.

போன வருஷம் ஓய்வு பெறும்போது உருத்திரபுரத்துக் கமக்காரர்கள் எனக்கு ஒரு பிரியாவிடை வைத்தார்கள். இந்தக் கதையை அங்கே ஒளிக்காமல் சொன்னேன். "அன்றுமுதல் இந்த ஊரில் நான் முழுக்க நடந்து பார்க்காத விதைநெல் வயல் ஒன்றில்லை" என்று முடித்தபோது நல்ல கைதட்டல். கண்ணும் கொஞ்சம் கலங்கியது, என்னுடையதுதான்.

கூட்டம் கலைந்த பிறகு தங்கம்மா அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து தந்தா.

"ஐயா, ஒண்டு சொன்னாக் கோவிக்கமாட்டியளோ?"

"சொல்லுங்கோ அக்கா."

"நீங்கள் சைக்கிளாலை இறங்காத அந்த முதல் போகம் இருக்கெல்லோ, அதுதான் எங்களுக்கு இதுவரைக்கும் நல்ல விளைச்சல். பிறகு நீங்கள் நடக்கத் துவங்கினாப்போலை, நீங்கள் போன வழி முழுக்க நெல்லுச் சாய்ஞ்சு கிடக்கும். உங்கடை கால் கொஞ்சம் பெரிசு, பாருங்கோ."